மீனில் கன உலோகம் குறைய வாழைத்தோல், முட்டை ஓடு, சிரட்டைக் கரி: எங்கே பலிக்கும், எப்படிச் செய்வது – முழுமையான வழிகாட்டி

மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்தால் பாதரசம் போய்விடுமா? வாழைத்தோலைப் போட்டு அலசினால் காரீயம் இறங்கிவிடுமா? மீன் வளர்ப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல், ஓடு, கரி போன்ற கழிவுகள் உலோகத்தைப் பிடிப்பது உண்மை. ஆனால் அவை நன்றாகப் பிடிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தைத்தான். மீனின் தசைக்குள் ஏறிவிட்டதை அவற்றால் பெரிதாக அசைக்க முடியாது. ஆகவே வேலையின் பெரும்பகுதி சமையலறையில் இல்லை, குட்டைக்குத் தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது.

சிறு குட்டையிலோ தொட்டியிலோ கட்லா, ரோகு, திலேப்பியா வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடையில் வாங்கிச் சமைப்பவர்களுக்கானது கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே நாம் பேசுவது காரீயம், அதாவது வலைக் குண்டிலும் பேட்டரியிலும் இருக்கும் நச்சு ஈயம்.

எந்த உலோகம் மீனில் எங்கே இருக்கிறது

எல்லா உலோகமும் மீனுக்குள் ஒரே இடத்துக்குப் போவதில்லை. காரீயம் கால்சியத்தைப் போல நடந்துகொள்ளும். எலும்பு, செதில், செவுள் ஆகியவற்றில் அதிகம் சேரும். காட்மியம் ஈரலையும் சிறுநீரகத்தையும் தேடிப் போகும். கணவாயின் ஈரலிலும், நண்டின் ஓட்டுக்குள் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் கூழிலும் அது நிறையச் சேர்வதற்கு இதுவே காரணம். இந்த இரண்டு உலோகங்களைப் பொறுத்தவரை, தசையில் இருப்பது பெரும்பாலும் உறுப்புகளில் இருப்பதைவிடக் குறைவு. நமக்கு அது நல்ல செய்தி.

பாதரசம் வேறு ரகம். சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புழுவுக்கும், புழுவைத் தின்னும் சிறு மீனுக்கும், சிறு மீனைத் தின்னும் பெரிய மீனுக்கும் படிப்படியாக ஏறுகிறது. மீனின் தசைப் புரதத்தில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் உண்டு. அதிலுள்ள கந்தகத்தை மெத்தில் பாதரசம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வேகவைத்தாலும் பொரித்தாலும் விடாது. சொல்லப்போனால், சமைக்கும்போது மீனிலிருந்து தண்ணீர் வற்றுவதால் அதே எடைக்கு அளவு சற்று கூடித்தான் தெரியும்.

ஜப்பானின் மினமாட்டாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்ஸோ ஆலை விட்ட பாதரசக் கழிவு வளைகுடா மீனில் ஏறி, அதைத் தின்ற மீனவக் குடும்பங்களின் நரம்பைத் தாக்கியது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. மாசுபட்ட மீன் வெளியே போகாமலிருக்க வளைகுடாவின் வாயில் 1974-இல் கட்டிய தடுப்பு வலையை 1997-இல்தான் அவிழ்த்தார்கள். அத்தனை ஆண்டுகளில், பிடித்த மீனைக் கழுவிச் சுத்தப்படுத்தும் வழி ஒன்று கைக்கு வரவில்லை. கடல் அடியின் நஞ்சுச் சேற்றைத் தோண்டி மூடிய பிறகுதான் மீன் தேறியது.

தசைக்குள் போன பாதரசத்தைக் கொஞ்சமேனும் இழுக்கும் வழி ஒன்று அண்மையில் வந்திருக்கிறது. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், டின் மீனை சிஸ்டைன் கலந்த தண்ணீரில் வைத்துப் பார்த்து, சூரை மீனில் அதிகபட்சம் 35 சதவீதம் வரை குறைத்ததாக 2024-இல் வெளியிட்டார்கள். மீனின் கந்தகத்தைவிடக் கவர்ச்சியான கந்தகத்தை வெளியே வைத்து அழைக்கும் உத்தி இது. சிஸ்டைனைக் கோழி, வாத்து இறகுகளிலிருந்தும் எடுக்கிறார்கள் என்பதால் இதையும் கழிவுப் பொருளின் கணக்கிலேயே சேர்க்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில், அளந்து, மிகத் திறமையாகச் செய்தே மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியது. வீட்டில் வாழைத்தோல் ஊறல் அதற்கு மேல் சாதிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கழிவுப் பொருள் எப்படிப் பிடிக்கிறது

வாழைத்தோல், ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் எல்லாவற்றிலும் பெக்டின் என்ற பசைப்பொருள் இருக்கிறது. அதிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின் சுமை கொண்டவை. தண்ணீரில் நேர்மின் சுமையோடு அலையும் காரீயம், செம்பு, காட்மியம் அயனிகள் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. 2011-இல் பிரேசிலில் அரைத்த வாழைத்தோலைக் கொண்டு ஆற்று நீரிலிருந்து செம்பையும் காரீயத்தையும் பிடித்துக் காட்டினார்கள். முட்டை ஓட்டில் 95 சதவீதம் அளவுக்குக் கால்சியம் கார்பனேட். அது தண்ணீரின் அமிலத்தைக் குறைத்து, உலோகத்தைக் கார்பனேட்டாக ஓட்டின் மேலேயே படிய வைக்கும். இறால் ஓட்டின் கைட்டினைக் கைட்டோசானாக மாற்றினால் இவற்றைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்கு வீரியமான அமிலமும், கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலும் வேண்டும். வீட்டில் செய்கிற வேலையே இல்லை, விட்டுவிடுவோம்.

நம் ஊரில் இந்தத் துறைக்கு ஒரு நல்ல மரபு இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவரது மாணவர்களும், பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க் கழிவிலிருந்து கரி செய்து, காட்மியம் உள்ளிட்ட உலோகங்களை அது எவ்வளவு பிடிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒரு முறை கண்ணால் பார்த்தால் நம்பிக்கை வரும். உரக்கடையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் போட்டுக் கரைத்தால் வெளிர்நீலமாக இருக்கும். அதில் பொடித்த முட்டை ஓடு ஐந்து மேசைக்கரண்டி போட்டு, அவ்வப்போது கலக்கி இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெள்ளையாக இருந்த துகள்களின் மேல் பச்சை கலந்த நீலப் படலம் ஏறியிருக்கும், தண்ணீர் வெளுத்திருக்கும். செம்பு இடம் மாறிவிட்டது. இதைக் கண்ணாடிக் குப்பியில் செய்யுங்கள். அந்தத் தண்ணீரைக் குட்டைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், செம்பு மீனைக் கொல்லும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

வடிகட்டி கட்டுவதற்கு முன் உங்கள் தண்ணீரில் உலோகம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். தோல் பதனிடும் இடம், மின்முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி உருக்கும் இடம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம், குப்பைக் கிடங்கு இவற்றில் ஏதாவது அருகில் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத் தண்ணீரைக் கொடுங்கள். காரீயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக், குரோமியம், பிஎச் (அமில-கார அளவு), கடினத்தன்மை ஆகியவற்றைக் கேளுங்கள். புட்டியை ஆய்வகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டாமலிருக்க அதில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டிருப்பார்கள், அதைக் கழுவிவிடக் கூடாது. இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கருவி கண்டறியும் வரம்பு என்ன? குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்குக் காரீயம் 0.01 மி.கி., காட்மியம் 0.003 மி.கி., பாதரசம் 0.001 மி.கி. கருவியே 0.05-க்குக் கீழே பார்க்காது என்றால், அறிக்கையில் 'வரம்புக்குக் கீழே' என்று வருவதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

காரீயமும் காட்மியமும் செம்பும் கூடுதலாக இருந்தால் கீழே சொல்லும் வடிகட்டி உதவும். பாதரசம்தான் பிரச்சினை என்றால் வடிகட்டி பெரிதாக உதவாது, ஏனென்றால் மீனுக்குப் பாதரசம் பெரும்பாலும் இரை வழியாகத்தான் போகிறது. ஆர்சனிக்குக்கும் இந்தப் பொருள்களை நம்பாதீர்கள். அது தண்ணீரில் இருக்கும் வடிவமே வேறு.

தோல், ஓடு, கரி தயார் செய்தல்

வாழைத்தோலை வீடு வீடாகச் சேர்த்தால் கட்டாது. சிப்ஸ் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். நேந்திரங்காய்த் தோல் தினமும் கூடை கூடையாக விழும். ஒரு டிரம் வடிகட்டிக்குக் காய்ந்த தோல் எட்டுக் கிலோ வேண்டும். அதற்குப் பச்சைத் தோல் எழுபது, எண்பது கிலோ பிடிக்கும், ஏனென்றால் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

தோலை இரண்டு விரற்கடை அகலத்துக்கு நறுக்கி, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். பிறகு அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். அதில் இருப்பது சர்க்கரையும் கறையும். இது குட்டைக்குள் போனால் நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பதால், தண்ணீர் ஓரளவு தெளியும் வரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும்.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரில் தோலை ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். சுண்ணாம்பு பெக்டினில் மூடிக் கிடக்கும் தொகுதிகளைத் திறந்துவிடும். கால்சியம் பெக்டினை இறுக்கிப் பிடிக்கும். தோல் கூழாகாது, கறையும் குறையும், பிடிக்கும் திறனும் கூடும். ஆக்ராவின் பேட்டா மிட்டாய்க்குப் பூசணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு மொறுமொறுவென்று ஆக்குகிறார்களே, அதே வேலைதான். மறுநாள் நன்றாக அலசி, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து மூன்று நான்கு நாள் காயவையுங்கள். கறுத்து, பழைய செருப்புத் தோல் மாதிரி சுருண்டு, மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். மடங்கினால் இன்னும் காயவில்லை, மூட்டையில் பூஞ்சை பிடித்துவிடும்.

முட்டை ஓட்டுக்குப் பரோட்டா கடையும் பேக்கரியும் இருக்கின்றன. ஐந்து கிலோ போதும். ஆயிரம் முட்டை ஓடு அளவுக்கு வரும். பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்து, கோதுமை ரவை பருமனுக்கு உடையுங்கள். மாவாக்கினால் அடைத்துக்கொள்ளும். உள்சவ்வை உரிக்க வேண்டாம், அதற்கும் உலோகம் பிடிக்கும் குணம் உண்டு. ஓடு போதவில்லையென்றால் நொறுக்கிய கிளிஞ்சல் சேர்க்கலாம்.

கரிக்கு இஸ்திரி வண்டிக்காரர் வாங்கும் அதே கொட்டாங்குச்சிக் கரி. சுமார் இருபது கிலோ வாங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைத்து, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும் வரை கழுவுங்கள். சாதாரணக் கரி ஆலையில் செய்த கிளர்வூட்டிய கரி அளவுக்கு உலோகத்தைப் பிடிக்காது. ஆனால் தோலிலிருந்து மிச்சமாக இறங்கும் கறையையும் வாடையையும் அது நிறுத்தும்.

டிரம் வடிகட்டி கட்டும் முறை

முதலில் ஒரு தெளியவைக்கும் தொட்டி. காரீயம் நிறையவே வண்டல் துகளின் முதுகில் ஏறித்தான் வருகிறது. தண்ணீரை ஒரு நாள் அசையாமல் நிறுத்தி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தாலே உலோகத்தில் ஒரு நல்ல பங்கு அடியில் தங்கிவிடும். செலவில்லாத இந்தப் படியைத் தாண்டி நேரே வடிகட்டிக்குப் போனால் வடிகட்டி ஒரே வாரத்தில் அடைத்துவிடும். குடத்துத் தண்ணீராக இருந்தால் பாட்டிமார் போலத் தேற்றாங்கொட்டையை உரசிவிடலாம். ஆயிரக்கணக்கான லிட்டருக்குக் காத்திருப்பதுதான் வழி.

பிறகு 200 லிட்டர் நீல டிரம். இரசாயனம் வந்த டிரம்மாக இருக்கக் கூடாது. உணவுப் பொருள் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். அடுக்குகளைக் கீழிருந்து மேலாக இப்படிப் போடுங்கள்:

1. அடியில் கழுவிய ஜல்லி 10 செ.மீ. அதற்குள் துளையிட்ட பிவிசி குழாய், டிரம்முக்கு வெளியே வந்து மேல்நோக்கி வளைந்து, மணல் அடுக்கின் உயரம் வரை ஏற வேண்டும். அப்போதுதான் உள்ளே எல்லாம் எப்போதும் மூழ்கியிருக்கும்.
2. கொசுவலை விரித்து, கரி 15 செ.மீ.
3. முட்டை ஓடு முழுவதும் ஒரு பரப்பாக.
4. மறுபடி கொசுவலை, அதன் மேல் வாழைத்தோல் 15 செ.மீ. இதை மட்டும் வலைப்பையில் கட்டிப் போடுங்கள், மாற்றும்போது தூக்கி எடுக்க வசதி.
5. மேலே கழுவிய கரட்டு மணல் 10 செ.மீ.

டிரம் நிறைந்ததும் முதல் இரண்டு மூன்று டிரம் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். நிறம் போன பிறகே குட்டைக்கு.

ஓட்டத்தின் வேகம்தான் உயிர்நாடி. தோல் உலோகத்தைப் பிடிப்பதில் பெரும்பகுதி முதல் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும்; அந்த அரை மணியையாவது கொடுக்க வேண்டும். இந்த அளவு அடுக்குக்கு மணிக்கு 80 லிட்டர் சரியாக இருக்கும். வெளிவாயில் 10 லிட்டர் வாளியை வையுங்கள். நிரம்ப ஏழரை நிமிடம் ஆக வேண்டும். மூன்று நிமிடத்தில் நிரம்பினால் வால்வைக் குறையுங்கள்.

இந்த வேகத்தில் நாளைக்கு ஏறக்குறைய 1,900 லிட்டர் வரும். ஒரு சென்ட் குட்டையில் நாலடி ஆழத்துக்கு 48,000 லிட்டர் பிடிக்கும், நிரப்ப இருபத்தைந்து நாள். நிரம்பிய பிறகு வெயிலில் நாளைக்கு 5 மி.மீ. வற்றுகிறது என்று வைத்தால் சென்ட்டுக்கு 200 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். அதாவது ஒரு டிரம் ஒன்பது சென்ட் வரைக்கும் தினசரி நிரப்பைத் தாங்கும். ஒரு ஏக்கர் குளத்துக்குப் பத்துப் பதினோரு டிரம் வேண்டும். அந்த அளவில் உழைப்பு கட்டுபடியாகாது, தண்ணீர் மூலத்தை மாற்றுவதே நல்லது.

தோல் எவ்வளவு நாள் தாங்கும்? வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.05 மி.கி. காரீயம் இருந்தால் நாளைக்கு 95 மி.கி. உள்ளே வருகிறது. ஒரு கிராம் தோல் ஒரு மி.கி. பிடிக்கும் என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் எட்டுக் கிலோவுக்கு 84 நாள் வரும். ஆனால் அதற்கு வெகு முன்பே தோல் அழுக ஆரம்பித்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெளிவாயில் அழுகிய முட்டை வாடை வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ஓட்டத்தை ஒரு நாளுக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

கட்டிய இரண்டாவது வாரம் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் ஒரே நாளில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதைப் பார்க்காமல் வடிகட்டி வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

குட்டைக்குள் தோலைக் கொட்டாதீர்கள்

இதை நான் கெட்டுக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் டிரம் எதற்கு என்று, காயவைத்த தோலைச் சாக்கில் கட்டித் தம்பியின் குட்டையில் நாலு மூலையிலும் இறக்கினோம். கொதிக்க வைக்கவும் இல்லை. ஆறாம் நாள் விடிகாலை தம்பி போன் செய்தான்: "எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறக்குது." போய்ப் பார்த்தபோது தண்ணீர் மட்டத்தில் நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சாக்கைத் தூக்கி எறிந்து, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து அடித்தும், பெரிய கட்லாக்கள் முப்பதுக்கு மேல் செத்து மிதந்தன.

மூச்சுத் திணறல் ஒரு பக்கம். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில்தான் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மக்கும் பொருளைக் குட்டையில் கொட்டினால் அந்தச் சேற்றுக்கு நாமே தீனி போடுகிறோம். உலோகத்தைக் குறைக்கப் போய் மோசமானதைக் கூட்டிவிடுவோம்.

குட்டைக்குள் செய்ய வேண்டியவை வேறு. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் கறுப்புச் சேற்றை வாரி, தரை வெடிக்கும் வரை காயவிடுங்கள். குட்டைத் தயாரிப்பில் போடும் சுண்ணாம்பைத் தவறாமல் போடுங்கள். அது கிருமிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். காட்மியமும் காரீயமும் செவுளில் கால்சியம் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் நுழையப் பார்க்கின்றன. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அவற்றுக்கு இடம் கிடைப்பது குறையும். பாசியை அழிக்க மயில்துத்தம் போடாதீர்கள். வீச்சு வலையில் அறுந்து விழும் காரீயக் குண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். தீவனத்தையும் ஒரு முறை சோதனைக்குக் கொடுங்கள். தண்ணீர் சுத்தமாகி மீன் சுத்தமாகவில்லை என்றால் கைகாட்டுவது பெரும்பாலும் தீவனத்தைத்தான்.

பிடிப்பதற்கு முன் மீனை ஒன்றிரண்டு நாள் தீனி போடாமல் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் விடுங்கள். குடல் காலியாகும், அதிலிருக்கும் சேறும் போகும். சதையில் ஏறியதை இது இறக்காது. பிறகு நாலைந்து மீனின் சதையைச் சோதனைக்குக் கொடுங்கள். காரீயத்துக்கு மீனில் கிலோவுக்கு 0.3 மி.கி. என்பதே உணவு விதிகளின் வரம்பு.

பயன்படுத்திய தோலை என்ன செய்வது

இப்போது அந்தத் தோலில்தான் நஞ்சு இருக்கிறது. மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடக் கூடாது, எருக்குழியில் சேர்க்கக் கூடாது. எரித்தால் சாம்பலில் உலோகம் திரண்டு நிற்கும், காட்மியம் புகையோடும் போகும். அமிலத்தில் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுகளில் வரும். வீட்டில் அப்படிச் செய்தால் உலோகம் கலந்த அமிலத்தை எங்கே ஊற்றுவீர்கள்? தண்ணீரை வடித்துக் காயவைத்து, இரட்டைச் சாக்கில் கட்டி, மூடியுள்ள டிரம்மில் மழை படாமல் சேருங்கள். தேதியை எழுதி வையுங்கள். சேர்ந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அபாயக் கழிவு எடுக்கும் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள். தமிழ்நாட்டில் அத்தகைய கழிவுக்கான மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. பக்கத்து நாலைந்து மீன் பண்ணைக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால் எளிது.

சமையலறையில்

கடலிலும் கழிமுகத்திலும் பிடித்த மீனுக்கு வடிகட்டி கட்ட யாராலும் முடியாது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தால், அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அங்கே வலை வீசுபவருக்கோ, மீன் வாங்கிச் சமைப்பவருக்கோ உரியது அல்ல. வீட்டில் நம்மால் ஆவது கொஞ்சம்தான், அதைச் சரியாகச் செய்வோம்.

வெட்டும்போது செவுள், குடல், ஈரல், சிறுநீரகம் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புக் கோடுதான் சிறுநீரகம். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். கணவாயின் ஈரலையும் மைப்பையையும் கிழிக்காமல் முழுதாக இழுத்து எடுங்கள். இறாலின் தலையைக் குழம்பில் போட வேண்டாம். நண்டு ஓட்டுக்குள் இருக்கும் கூழ் ருசிதான், ஆனால் அடிக்கடி வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். சந்தேகமான தண்ணீர் மீனின் தலை எலும்பைப் போட்டுச் சூப் வைக்காதீர்கள்.

புளி ஊறலைப் பற்றி. இந்தோனேசியாவில் சிப்பிச் சதையை எலுமிச்சை, பிலிம்பி என்ற புளிப்புக்காய் ஆகியவற்றின் சாறுகளில் ஊறவைத்துப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. காரீயமும் காட்மியமும் ஓரளவு இறங்கியதாகவே அவை சொல்கின்றன. மட்டி, சிப்பி, கணவாய் போன்ற மெல்லிய சதைக்கு இதை முயலலாம். குழம்புக்குப் புளி கரைத்த பிறகு மிஞ்சும் சக்கையையும், பிழிந்த எலுமிச்சைத் தோலையும் ஒரு லிட்டர் தண்ணீரில் பிசைந்து வடிகட்டுங்கள். நாக்கில் நன்றாகப் புளிக்க வேண்டும். சுத்தம் செய்த சதையை அதில் அரை மணி நேரம் வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசுங்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மட்டும். அலுமினியமும் பித்தளையும் புளிக்குக் கரையும். கொட்டுவது முக்கியம். மீன் குழம்பில் புளி இருக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்பார்கள். குழம்பில் இறங்கும் உலோகம் குழம்பிலேயே இருக்கிறது, அதைச் சோற்றில் ஊற்றித்தானே சாப்பிடுகிறோம். இந்த ஊறலால் பாதரசம் அசையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பாதரசத்துக்கு ஒரே வழி மீனைத் தேர்ந்தெடுப்பது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, மெத்தில் பாதரசத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 0.5 மி.கி. இருக்கும் மீன் என்றால் 190 கிராமிலேயே அந்த வரம்பு வந்துவிடும், அதாவது இரண்டு துண்டு. மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்றவை சின்ன ஆயுள் கொண்டவை, அடிமட்ட இரை தின்பவை. அவற்றில் இந்தக் கவலை மிகக் குறைவு. பெரிய சுறா, மயில்மீன், பெரிய சூரை ஆகியவற்றில்தான் அதிகம்.

நம் வீடுகளில் இது நேரே பிள்ளை பெற்றவளின் தட்டுக்கு வருகிறது. பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது எத்தனை தலைமுறைப் பழக்கம்! அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவை வைத்திருக்கிறது. என் தங்கை பிள்ளை பெற்று வந்தபோது அம்மாச்சியிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். "நாங்கல்லாம் இதைத் தின்னுதானய்யா பிள்ளை வளத்தோம்" என்றார். "அப்போ கடல் வேற மாதிரி இருந்துச்சு அம்மாச்சி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மத்தியை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு, அதே மிளகு மணத்தோடு புட்டு வந்தது. தங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உங்கள் வீட்டில் சுறாதான் வேண்டும் என்று பெரியவர்கள் நின்றால், ஒரு கைக்குள் அடங்கும் பால்சுறாக் குட்டியாகப் பார்த்து ஒரே ஒரு நாள் வாங்குங்கள். பெரிய சுறாவிலிருந்து வெட்டிய துண்டை வாங்காதீர்கள்.